இரண்டு சக்கர வீட்டில் ஒரே கோரிக்கை

உட்காருங்கள் அம்மிணி, தயங்க வேண்டாம். இந்த பஸ்ஸில் காலியாக இருக்கிற ஒரே இடம் இதுதான். இந்தக் கரூர் ஸ்டாண்டிலேயே ஏழு பேர் வந்து பார்த்தார்கள். ஏழு பேரும் என் மடியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்கப் போய்விட்டார்கள். கோணியைச் சுற்றித்தானே வைத்திருக்கிறேன்? ஆமாம், கக்கூஸ் பீங்கான்தான். உட்காருகிற மாதிரி. பழையது, ஆனால் ஆசிட் ஊற்றி மூன்று தரம் தேய்த்திருக்கிறேன். இவர்கள் வீட்டுக் குண்டானை விடச் சுத்தம்.

கண்டக்டர் இதற்கு லக்கேஜ் டிக்கெட் போடுகிறேன் என்று வந்தான். "தம்பி, மடியில வெச்சிருந்தா அது லக்கேஜ் இல்ல, கொழந்தை" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு விதிமுறை தெரியாது. தெரிந்திருந்தால் நான் தோற்றிருப்பேன்.

கொஞ்சம் தள்ளிக்கொள்கிறேன். முட்டி மரத்துப் போகிறது. மணி என்ன? ஒன்பதே கால்தானா? இந்த வண்டி நகர்கிற மாதிரியே இல்லையே.

நான் பேசுவது மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், தப்பாக நினைக்காதீர்கள். முப்பத்தெட்டு வருஷம் மைக் முன்னால் நின்ற வாய். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்தது. மிச்சம் எல்லாம் துண்டறிக்கை. கீழே கிடந்த துண்டறிக்கையைப் பொறுக்கி எழுத்துக் கூட்டிப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். பெயர் ராக்கியண்ணன். கேள்விப்பட்டிருப்பீர்கள். இல்லையா? உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

மூலனூருக்குப் போகிறேன். நீங்களும் மூலனூரா? நல்லதாகப் போயிற்று. அங்கே என் கொழுந்தியா மரகதம் வீட்டில் என் வீட்டம்மா பாவாயி இருக்கிறாள். பதினொரு நாளாக. சண்டை எல்லாம் ஒன்றும் இல்லை. தகராறு. தகராறு என்றால் இரண்டு தரப்பு இருக்கும், கோரிக்கை இருக்கும், பேச்சுவார்த்தை இருக்கும். அந்தப் பேச்சுவார்த்தைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை நாங்கள் சுற்றுப்பயணம் கிளம்பியாக வேண்டும். அவள் ஏறுகிறாளா இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். ஏறுவாள். ஏறாமல் எங்கே போவாள்?

என்ன சுற்றுப்பயணம் என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

போன சித்திரையில் எங்கள் தொழிற்சங்கத்தில் எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். கௌரவ ஆலோசகர் என்று ஒரு பட்டம். அந்தச் சங்கத்துக்குக் கொட்டகை போட்டவன் நான், முதல் கொடிக்குக் குழி வெட்டியவன் நான். சால்வை போட்ட மறுநாள், "தோழர், உங்க ரூம்ல கம்ப்யூட்டர் வெக்கணும், இந்தக் காகிதத்தை எல்லாம் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா?" என்றான் புதுச் செயலாளர். காகிதமாம். முப்பத்தெட்டு வருஷத் துண்டறிக்கை, ஒவ்வொன்றிலும் கட்டு கட்டாக மிச்சம். ஒரு போராட்டத்தின் அறிக்கை கூட விட்டுப் போகாது. என் ஆயுசு முழுக்க இரண்டு ஆட்டோவில் வீட்டு வாசலில் வந்து இறங்கியது.

வீடு ஒன்றரை அறை. கட்டுகளை எங்கே வைப்பது? பாவாயி தலைமாட்டில் ஒரு வரிசை, கால்மாட்டில் ஒரு வரிசை. "நான் படுத்திருக்கறனா, என்னய அடக்கம் பண்ணி வெச்சிருக்கா?" என்றாள். அவளுக்கு வாய் நீளம்.

அப்போதுதான் அந்த வண்டி கண்ணில் பட்டது. ரோடு போடுகிற காண்ட்ராக்டர்கள் வேலை நடக்கிற இடத்துக்கு ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு போவார்கள், பார்த்திருக்கிறீர்களா? இரண்டு சக்கரம், தகரச் சுவர், மேஸ்திரி படுக்க உள்ளே ஒரு பலகை. டிராக்டரிலோ ஜீப்பிலோ கோத்து இழுப்பது. பழைய இரும்புக் கடை முற்றத்தில் கிடந்தது. பன்னிரண்டு அடி நீளம், ஆறரை அடி அகலம். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இதில் என் அறிக்கைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். ஒவ்வொரு மில் வாசலிலும் நிறுத்துவேன், பேசுவேன், கொடுப்பேன். அலுவலகத்தில் இடம் இல்லை என்றவன் மூஞ்சியில் ஓடுகிற அலுவலகம் ஒன்றைக் காட்டுவேன்.

பாவாயியிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டாள் என்று நினைக்கிறீர்களா? ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்க, ஏதாச்சும் ஒரு ஊர்ல என்னய எட்டு மணி வரைக்கும் தூங்க உடுவீங்களா?" நாற்பது வருஷமாக நாலு மணிக்கு எழுந்து பழகியவள், கம்பெனி வண்டி ஆறரைக்கு வந்துவிடும் என்று. "ஒரு ஊர் என்ன, எல்லா ஊரிலும் தூங்கு" என்றேன். வாய்மொழி வாக்குறுதிதான், ஆனால் கொடுத்தேன்.

நகர்ந்துவிட்டது பஸ். அப்பாடா.

நான் சங்கத்துக்கு வருவதற்கு முன்னால் கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பதினாலு வருஷம் இருந்தவன். பக்கத் தகடு, சீட்டு, ஜன்னல், மேலே சாமான் வைக்கிற ரேக், எல்லாம் என் கை. இந்த பஸ்ஸைப் பாருங்கள், ரிவெட் இடைவெளி ஒன்றுக்கு ஒன்று ஒத்து வருகிறதா? வராது. எங்கள் காலத்தில் நூல் பிடித்து அடிப்போம். அந்தக் கையை வைத்து அந்த வண்டியை மூன்று மாதம் செய்தேன்.

சொல்கிறேன் கேளுங்கள். துருப்பிடித்த தகடு எல்லாம் உரித்துவிட்டு அலுமினியத் தகடு. உள்பக்கம் பிளைவுட். உடைக்கப் போட்டிருந்த ஒரு பஸ்ஸின் மேல் ரேக்கை அப்படியே பெயர்த்து வந்து இரண்டு பக்கமும் மாட்டினேன். அதன் ஆழம் பதிமூன்று அங்குலம். என் அறிக்கைக் கட்டு பன்னிரண்டரை. அளந்து செய்தாற்போல உட்கார்ந்தது. பின்பக்கம் கட்டில். கட்டில் பலகைக்குக் கீல் போட்டிருக்கிறேன், தூக்கினால் அடியில் முழுக்கப் பெட்டி. நாற்பத்தாறு கட்டு பிடிக்கும். அடுப்பு ஒரு இழுப்பறை மேல் உட்கார்ந்திருக்கிறது, கதவுப் பக்கம் இழுத்தால் வெளியே வரும், நின்றுகொண்டே சமைக்கலாம். தட்டுகளுக்குத் தனித்தனிச் செருகு, ஓடும்போது சத்தம் வராமல் ஜன்னல் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். கதவின் உள்பக்கம் வலை அடித்துச் சின்ன சாமான்களுக்குப் பை. மடக்குகிற மேசை. அதை மடக்கினால் அதன் அடிப்பக்கம் பேசும்போது குறிப்பு ஒட்டிக்கொள்ளும் பலகை. ஒரு அங்குலம் வீணாகவில்லை அம்மிணி. ஒரு அங்குலம்!

அவளுக்கா? ஏன், அவளுக்கென்று தனியாக ஒரு கொக்கி அடித்திருக்கிறேன். பித்தளைக் கொக்கி. அவள் பை மாட்டிக்கொள்ள.

சிரிக்கிறீர்கள். எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறீர்கள்? துண்டு தைக்கிற கம்பெனியா? எத்தனை பெண்கள்? இருநூறு பேரா. அப்படியானால் நீங்கள் என்னை அறிந்தே இருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், பெட்ஷீட் தைக்கிற ஒரு கம்பெனி. இப்போது மூடிவிட்டான். நூற்றி நாற்பது பெண்களுக்கு ஒரே கக்கூஸ். அதற்கும் ஒரு பூட்டு, சாவி சூப்பர்வைசர் இடுப்பில். போய் அவனிடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால், "இப்பத்தானே போய்ட்டு வந்தே?" என்பான், நாலு பேர் முன்னால். வெட்கப்பட்டுக்கொண்டு பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். பாவாயி அங்கேதான் வேலை செய்தாள். கல்யாணம் ஆகி நாலு வருஷம். வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொன்னதே அவள்தான். சொன்னது அவள், எழுதியது நான். எழுதியவன் பெயர்தானே நிற்கும்?

தலைப்பு சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள் எப்படி என்று. "இயற்கை அழைக்கிறது, எஜமான் இடுப்பில் சாவியா?" இரண்டாயிரம் பிரதி ஒரே நாளில் பறந்தது. இருபத்தேழு நாள் போராட்டம். இருபத்தேழாவது நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. நாலு புதுக் கக்கூஸ், பூட்டு கிடையாது, சாவி கிடையாது. நான் மேடையில் கையெழுத்துப் போடுகிறேன், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. கடைசி வரிசையில் பாவாயி எழுந்து நின்று கையைத் தூக்கிக்கொண்டு, "இன்னொண்ணு இருக்குதுங்க, இன்னொண்ணு இருக்குது" என்று கத்துகிறாள். கையெழுத்து ஆன பிறகு கோரிக்கையா? "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அம்மிணி, முதல்ல வெற்றியக் கொண்டாடு" என்று மைக்கிலேயே சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு மூன்று இடத்தில் பாராட்டுக் கூட்டம்.

கட்டித் திறந்து ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். புதுக் கக்கூஸ் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு. நாம் வாங்கிக் கொடுத்த இடத்தில் நின்று நம் பெண்கள் நிம்மதியாக நாலு வார்த்தை பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதையும் ஒரு அறிக்கையில் எழுதினேன்.

இது என்ன ஊர்? சின்னதாராபுரமா? இன்னும் அரை மணி ஆகும். டிரைவர் டீ குடிக்க இறங்கிவிடுவானோ? இறங்குகிறான் பாருங்கள். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இதை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவும் முடியவில்லை.

எங்கே விட்டேன்? வண்டி. அந்த வண்டியின் முன்பக்க மூலையில் ஏற்கெனவே ஒரு சின்ன அறை இருந்தது. மூன்றடிக்கு இரண்டரை அடி, கதவோடு. மேஸ்திரிக்குக் கக்கூஸ். பீங்கான் உடைந்துபோயிருந்தது. அடியில் கழிவு டேங்க், பக்கத்தில் நூறு லிட்டர் தண்ணீர் டேங்க். பாவாயி முதல் நாள் வந்து பார்த்தாள். ரேக்கைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்க்கவில்லை. நேராக அங்கே போய்க் கதவைத் திறந்து பார்த்தாள். "இதைய மட்டும் சரி பண்ணிக் குடுத்துருங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்" என்றாள். அவளுக்குச் சர்க்கரை. ராத்திரி மூன்று தரம் எழுந்திருப்பாள். முட்டி வேறு மடங்காது.

நான் பொறுமையாக விளக்கினேன். "ஊருக்கு ஊர் பொதுக் கழிப்பிடம் இருக்கு, பெட்ரோல் பங்க் இருக்கு. நாட்டுல எவ்வளவோ சனம் அதுகூட இல்லாம இருக்குது" என்றேன். "அந்தச் சனத்துல நானும் ஒருத்திதானுங்களே" என்றாள். வீம்பு.

அந்த இரண்டு டேங்கையும் கழற்றினேன், எதற்குத் தேவையில்லாத கனம்? அந்த அறையில் கொடி, பேனர், மைக் செட், ஒலிபெருக்கிக் குழாய். அதற்கு என்று அளவெடுத்து மாடம் மாடமாகப் பலகை அடித்தேன், ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு முளை. மைக் செட் திருட்டுப் போகிற சாமான் இல்லையா? வெளியே கொண்டி வைத்து ஒரு பூட்டுப் போட்டேன். சாவி அரைஞாணில். இதோ இருக்கிறது.

அவள் அந்தப் பூட்டைப் பார்த்தாள். என் இடுப்பைப் பார்த்தாள். நான் வேலை அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வெள்ளோட்டம். சென்னியப்பன் என்று ஒரு ஜீப் டிரைவர், பழைய சங்கத்துப் பையன், இழுக்க ஒத்துக்கொண்டான். அறிக்கைக் கட்டு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வாங்கல் ரோட்டில் போகிறோம். முப்பது வேகம், ஒன்றும் இல்லை. நாற்பதைத் தொட்டதும் பின்னால் வண்டி ஆட ஆரம்பித்தது. வலது பக்கம், இடது பக்கம், மறுபடியும் வலது பக்கம், நாய் வாலை ஆட்டுகிற மாதிரி. ஜீப்பின் பின்பக்கத்தையே தூக்கிப் போடுகிறது. எதிரே ஒரு கரும்பு டிராக்டர். பாவாயி ஜீப்புக்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாரியாத்தா" என்கிறாள். சென்னியப்பன் பிரேக்கைத் தொடாமல் காலை மட்டும் எடுத்து எடுத்து ஓரங்கட்டினான். இறங்கி நின்றோம்.

"ரோட்டுல வளைவு ஜாஸ்தி" என்றேன்.

"ரோடு நேராத்தானுங்ணா இருக்குது" என்றான் அவன். குனிந்து, கோத்திருந்த கொக்கியைக் கையால் தூக்கிப் பார்த்தான். ஒற்றைக் கையில் வருகிறது! "அண்ணா, இழுவை வண்டிக்கு மூக்குல கனம் வேணும். நீங்க காகிதத்தப் பூரா வால்ல ஏத்தி வெச்சிருக்கறீங்க. முன்னாடி என்னமோ டேங்கு இருந்திருக்கும் போலயே, அளவு தெரியுது. அத எதுக்குக் கழட்டுனீங்க?"

நான் தகடு அடித்தவன், சீட்டுக் கட்டியவன். அடிச்சட்டம், சேசிஸ் பக்கம் வேறு ஆட்கள். இதை அவனிடம் சொல்ல முடியுமா? வாக்குவாதம் நடந்தது. பாவாயி ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னாள், "கக்கூசு இருந்திருந்தா வண்டி நேரா போயிருக்கும்ங்கறான்." அவ்வளவுதான். சென்னியப்பன் சிரித்துவிட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தான் அம்மிணி. நான் பயிற்றுவித்த பையன்.

மறுநாள் காலையில் வண்டிக் கதவில் ஒரு அறிக்கை ஒட்டியிருந்தது. சோற்றுப் பசையால். என்ன அறிக்கை என்கிறீர்கள்? என் அறிக்கைதான். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதியது. கட்டிலுக்கு அடியில் பிரித்து ஒன்றை உருவியிருக்கிறாள். "இயற்கை அழைக்கிறது, எஜமான் இடுப்பில் சாவியா?" அதில் கம்பெனிப் பெயர் வருகிற இடம் எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு என் பெயரை எழுதியிருந்தாள். ஒன்பது இடம். இனிஷியல் கூட இல்லாமல். 'நூற்றி நாற்பது பெண்கள்' என்பதை அடித்துவிட்டு 'ஒரு பொம்பளை' என்று போட்டிருந்தாள். மற்றபடி ஒரு வரி மாற்றவில்லை.

ஒரு பக்கம் பார்த்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பத்தொரு வருஷம் ஆகியும் எழுத்து எப்படி நிற்கிறது பாருங்கள்! படிக்கும்போது எனக்கே கோபம் வந்தது, அந்த எஜமான் மேல்.

ஆனால் குற்றச்சாட்டு என்று வந்துவிட்டால் பதில் கொடுக்காமல் இருந்தவன் இல்லை நான். எழுதினேன். குப்புராசு அச்சாபீஸில் கொடுத்தேன். ஐந்நூறுக்குக் குறைந்து அவன் அடிக்க மாட்டான். "ஆதாரமற்ற அவதூறுக்குத் தக்க பதில்!" என்று தலைப்பு. பொதுக் கழிப்பிடங்களின் பட்டியல் கொடுத்திருந்தேன், மாவட்டவாரியாக. ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். மிச்சத்தில் ஐம்பது பஸ் ஸ்டாண்டில். பழக்கதோஷம் அம்மிணி. கையில் கட்டு இருந்தால் கை தானாகக் கொடுக்கும்.

அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கொக்கியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். "நான் மரகதம் ஊட்டுக்குப் போறனுங்க. அவ ஊட்டுல இருக்குது" என்றாள். என்ன இருக்குது என்று கேட்டேன். அதற்கு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நிர்வாகத்தைப் பார்த்துக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

டிரைவர் ஏறிக் கிளம்பிவிட்டான். நல்லவேளை.

இந்தப் பதினொரு நாளும் நான் சும்மா இல்லை. கட்டுகளை முன்னால் கொண்டுபோனேன், மூக்கு தரையைத் தொட்டது. நடுவே வைத்தேன், நடக்க வழி இல்லை. பாதியைப் பின்னால் கொண்டுபோனேன், மறுபடியும் வால் ஆடுகிறது. ராத்திரி அந்தக் கட்டிலில் படுத்தேன், தூக்கம் வரவில்லை. எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, எழுந்தால் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் சென்னியப்பன் வந்து அந்த முன் அறையில் இரண்டு மணல் மூட்டையைப் போட்டு ஓட்டிப் பார்த்தான். ஐம்பதில் நூல் பிடித்த மாதிரி போகிறது. "அண்ணா, மணல் மூட்டையக் கட்டிக்கிட்டு ஊர் சுத்தறதுக்கு, அக்கா கேட்டதயே மாட்டிரலாமே. அதே கனந்தானே?" என்றான்.

ஆகவே இது முற்றிலும் தொழில்நுட்பக் காரணம். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பணிந்து போனதாக அர்த்தம் இல்லை. டேங்க் இரண்டையும் திரும்ப மாட்டிவிட்டேன். மைக் செட் கட்டிலுக்கு அடியில். அங்கே இடம் வேண்டும் என்று அந்தப் பதில் அறிக்கையில் மிச்சம் இருந்ததை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டேன். ஈரம் பட்டிருந்தது. அதனால்தான்.

மாட்டிவிட்டுப் போயிருக்கலாமே, இதை ஏன் சுமந்துகொண்டு போகிறேன் என்கிறீர்களா? எத்தனை நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன்! "செய்து கொடுக்கிறோம், செய்து கொடுக்கிறோம்" என்று வாயால் சொல்வான். நான் மேசை மேல் பொருளை வை என்பேன். அதே அளவுகோல் எனக்கும் வேண்டாமா? அப்புறம் உயரம். அவள் முட்டிக்கு எத்தனை அங்குலத்தில் மேடை கட்ட வேண்டும் என்று அவளை நிற்க வைத்துத்தான் அளக்க முடியும். டேப் கொண்டுவந்திருக்கிறேன்.

ஒப்பந்தமும் எழுதியாகிவிட்டது. இந்தாருங்கள், இந்த மேல் பையில் இருக்கிறது, எடுங்கள். படியுங்கள். முதல் தரப்பு நான், இரண்டாம் தரப்பு அவள். மூன்று ஷரத்து. ஒன்று, இரண்டாம் தரப்பின் கோரிக்கை தொழில்நுட்ப அடிப்படையில் ஏற்கப்படுகிறது. இரண்டு, மேற்படி அறையில் இனி கொடியோ மைக் செட்டோ வைக்கப்படாது. மூன்று, எட்டு மணி வரை தூங்குவது பற்றிய வாய்மொழி வாக்குறுதி இதன்மூலம் எழுத்தில் உறுதி செய்யப்படுகிறது. பூட்டைக் கழற்றிவிட்டேன், சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். கீழே சாட்சி என்று ஒரு கோடு இருக்கிறது பாருங்கள். மரகதம் எப்படியும் அக்காள் பக்கம்தான் பேசுவாள். நடுநிலையாக ஒருவர் வேண்டும். நீங்கள் போட்டால் நன்றாக இருக்கும்.

என்ன அம்மிணி, இவ்வளவு நேரம் படிக்கிறீர்கள்? மூன்று ஷரத்துதானே?

என்ன கேட்டீர்கள்? உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்தீர்களா என்றா?

உள்பக்கமா? வெளியே கொண்டி இருக்கிறது. உள்பக்கம் எதற்கு, நாங்கள் இரண்டே பேர்தானே? சொல்லுங்கள், சொல்லுங்கள், கேட்கிறேன்.

ஆமாம். மில் வாசலில்தான் நிறுத்துவோம். பஸ் ஸ்டாண்டில். ஆமாம், ஆண்கள் வருவார்கள், போவார்கள், அறிக்கை வாங்க உள்ளே ஏறுவார்கள். நான்தான் ஏறச் சொல்வேன். அது வண்டிக்குள் நுழைந்ததும் முதல் கதவு.

உங்கள் கம்பெனியிலும் உள்தாழ்ப்பாள் இல்லையா? இருநூறு பெண்களுக்கு? அப்படியானால் எப்படி?

ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு.

இருங்கள். கொஞ்சம் இருங்கள் அம்மிணி.

அந்தக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள் என்று சொன்னேன் இல்லையா? கடைசி வரிசையில். இன்னொண்ணு இருக்குதுங்க, என்று. அதுவா? அதுதானா? நாலு கக்கூஸும் கட்டி முடித்து வர்ணம் அடித்துவிட்டான். நான் போய்த் திறந்து வைத்தேன். வெளியே பூட்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு கதவாகத் தடவிப் பார்த்தேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பெண்கள் கக்கூஸுக்குள் நான் எதற்குப் போகிறேன்?

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அவள் அங்கே வேலை செய்தாள். ஒரு நாளைக்கு இரண்டு தரம் என்று வைத்தால் கூட. நான் பார்த்துவிட்டு வந்து, நிம்மதியாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதினேனே. அந்த அறிக்கையையும் அவள்தான் வீட்டில் மடித்துக் கட்டினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருப்பாளோ? சொல்லியிருந்தால் நான் எங்கே இருந்தேன்? ஏதாவது ஒரு கூட்டத்தில் இருந்திருப்பேன்.

அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். ஷரத்து நாலு என்று சேர்த்துவிடுகிறேன். பேனா இருக்கிறது. 'உள்பக்கம்', 'உள்பக்கம் தாழ்ப்பாள்', எழுத்து ஆடுகிறது. ரோடு சரியில்லை.

இல்லை, வேண்டாம். இதை எழுத வேண்டாம். இதையும் எழுதிக்கொண்டு போய் நீட்டினால் மறுபடியும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். கையெழுத்தும் வேண்டாம் அம்மிணி, அது பையிலேயே இருக்கட்டும்.

கண்டக்டர் தம்பி! மூலனூரில் ஹார்டுவேர் கடை எந்தப் பக்கம்? ஸ்டாண்டுக்கு எதிரிலேயேவா? திறந்திருப்பானா?

உங்களுக்கு வீட்டில் அவசர வேலை இல்லையே? கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். எந்த மாதிரித் தாழ்ப்பாள் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு வெளியே பூட்டுவது மட்டும்தான் தெரியும். எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற மாதிரியா? சரி. இருட்டில் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி. சரி.

வந்துவிட்டது. இந்தப் பக்கம் கொஞ்சம் பிடியுங்கள், கனமாக இருக்கும். மெதுவாக. தம்பி, விசில் கொடுத்துவிடாதே, கொழந்தை இன்னும் இறங்கவில்லை.